கடல்முதலையின் கடைசி இரை

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மியூசியம் அறையின் பூட்டைத் திறந்த சித்ரலேகா, முதலில் மண்டையோட்டைத்தான் பார்த்தாள். நீண்ட மூஞ்சி, இரண்டு வரிசை ஊசிப் பற்கள், கண் இருந்த இடத்தில் பெரிய குழி. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்திலிருந்த வெள்ளை எனாமல் தட்டைப் பார்த்தபோதுதான் அவள் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது. தட்டு காலி.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், அது பாட்டுக்கு நன்றாக இருக்கட்டும். அதன் நிலவியல் துறையில் சித்ரலேகா விரிவுரையாளர். சென்ற தை மாதம் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போய், வெயிலில் வெந்து, பாறையோடு பெயர்த்துக் கொண்டுவந்த புதைபடிவம் அது. மெட்ரியோரிங்கஸ் என்று பெயர். மிரள வேண்டாம். முதலைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை வேண்டாமென்று கடலுக்கே குடிபோன சாதி. கால்கள் துடுப்பாகி, வாலில் மீனுக்குப் போல் துடுப்பு முளைத்து, முதுகு ஓட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு நீந்தியது. பதினாறு கோடி வருஷத்துக்கு முந்தைய கதை. இன்று அந்த இனமே பூண்டோடு இல்லை.

மண்டையோடு கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் விலா எலும்புகளுக்கு நடுவில் இருந்தது. மெல்லிய, நீளமான, கருத்த எலும்புத் துண்டுகள். பறக்கும் ஊர்வன ஒன்றின் இறக்கை எலும்புகள் என்று சித்ரலேகா கண்டுபிடித்தாள். சாவதற்கு முன் அந்த மிருகம் கடைசியாகத் தின்ற இரை. எட்டு மாதம் உட்கார்ந்து, ஊசியால் பாறையைச் சுரண்டி அவற்றை வெளியே எடுத்துப் பஞ்சு பரப்பிய தட்டில் அடுக்கியிருந்தாள். அந்தத் தட்டில்தான் இப்போது ஒன்றுமில்லை.

புதன்கிழமை கல்கத்தாவிலிருந்து ஒரு நிபுணர் அவற்றைப் பார்க்க வருகிறார். நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கோழி எலும்பைக் கலந்துவைத்து ஊரை ஏமாற்றுகிறாள் என்று ஒரு கருத்தரங்கில் யாரோ சிரித்ததும் அவள் காதுக்கு வந்திருந்தது. படம் காட்டினால் இந்தத் துறையில் செல்லாது. எலும்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் பொய்க்காரி, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் இஸ்ரவேல் வந்தார். ஆட்டுத் திருட்டு, பம்புசெட் திருட்டு என்று பார்த்துப் பார்த்துச் சலித்த மனிதர். கூர்மையான ஆள் என்பது ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே அவருக்கு நல்ல கேஸ் எதுவும் வராது. மண்டையோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காலித் தட்டின் முன் நின்றார்.

"இந்த மைக்ராஸ்கோப் என்ன வெலை வரும் மேடம்?"

"லட்சத்துக்கு மேல."

"அதைத் தொடலை. மண்டையைத் தொடலை. தூள் தூளாக் கெடந்ததை மட்டும் அள்ளிட்டுப் போயிருக்கான். ஆடு களவாங்க வந்தவன் ஆட்டை விட்டுட்டுப் புழுக்கையை அள்ளிட்டுப் போவானா?"

சித்ரலேகாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அது புழுக்கை இல்ல சார். என் எட்டு மாசம்."

"கோவிச்சுக்கிடாதீக. தூளோட மதிப்பு யாருக்குத் தெரியும்னு கேக்குதேன்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு. கல்கத்தாக்காரருக்கு. எங்க துறைத்தலைவர் ஞானசம்பந்தன் சாருக்கு."

"சாவி?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு சார் அறையில தொங்கும்."

இஸ்ரவேல் தட்டைக் குனிந்து பார்த்தார். ஒரு சில்லுகூட விடாமல் பொறுக்கப்பட்டிருந்தது. மணலளவு துணுக்குக்கூட இல்லை. பஞ்சு மட்டும் ஈரமாகக் கிடந்தது. தட்டின் விளிம்பில் எறும்புச் சாரை ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சை எடுத்து முகர்ந்தார். புளித்த வாடை.

"டீ கீ கொட்டிட்டீகளா?"

"இந்த அறையில தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் சார்."

அட்டெண்டர் சங்கிலிபூதத்தானைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற இன்னும் கொஞ்சம் காலமே இருந்த மனிதர். போலீசைக் கண்டதும் கைகட்டிச் சுவரோடு சுவராக நின்றார்.

"டீயைக் கொட்டினது நீங்கதானா அண்ணாச்சி?"

"நான் எங்கன கொட்ட? டீ போடவே பாலைக் காணோம். நேத்துச் சாயங்காலம் லேப் பிரிட்ஜுல வச்ச பாக்கெட்டு. காலைல பாத்தா குப்பைக்கூடைல வெறும் கவரு கெடக்கு."

"நேத்து கடைசியாப் போனது யாரு?"

"சார்தான். நீ போ, நான் பூட்டிக்கிடுதேன்னாவ. இன்னைக்குக் காய்ச்சல்னு வரலை."

சித்ரலேகாவின் முகம் இறுகிவிட்டது. ஒரு மாதமாகவே சார் இந்த அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். 'கல்கத்தாக்காரனைக் கொஞ்சம் தள்ளி வரச்சொல்லேன்' என்று இரண்டு தடவை சொன்னார். தானே கட்டுரை எழுதப் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்கு இந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"சார் மேல தப்பா எதுவும் எழுதிராதீக ஐயா," என்றார் சங்கிலிபூதத்தான். "அவுக நிலைமைல இல்ல. ஒரே மகன் சங்கரு. குஜராத்துல, அதே கட்ச் பக்கம், கண்ட்லாத் துறைமுகத்துல வேலை. போன வருசம் புயலடிச்சுதுல்லா, அதுல போனவந்தான். உடம்பு கெடைக்கவே இல்ல. அந்தம்மா இன்னைக்கும் ராத்திரி அவனுக்கொரு தட்டு வைக்காவ. தர்ப்பையில உருவம் பண்ணி எரிச்சுக் காரியத்தை முடிச்சிருவோம்னு சொந்தக்காரவுக சொல்லிப் பாத்தாவ. புல்லை எரிச்சா எம்புள்ளையாயிருமான்னு கேட்டு, எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டாவ."

இஸ்ரவேல் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. பால் கவரைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஓரம் கிழிக்கப்படாமல் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

"பொறாமைதான் சார்," என்றாள் சித்ரலேகா, அட்டெண்டர் போனதும். "எனக்குப் பேர் வந்துரும்னு."

"பொறாமைக்காரன் மண்டையையும் போட்டு உடைச்சிருப்பான் மேடம். நின்னு நிதானமாப் பாலை ஊத்திட்டுப் போக மாட்டான்." அவருக்கே அது புரியவில்லை. புரியாததை ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவும் இல்லை.

ஞாயிறு முழுவதும் ஞானசம்பந்தன் வீட்டுத் தொலைபேசி மணி அடித்துக்கொண்டேயிருந்தது. எடுக்க ஆளில்லை. சித்ரலேகா சாப்பிடவில்லை, தூங்கவுமில்லை. வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மலையில் பிடித்துக்கொண்டது, அணையைத் திறந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கள்கிழமை காலை இஸ்ரவேல் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கல்லிடைக்குறிச்சிக்குப் போனார். மழை விட்டிருந்தது. தெரு நெடுக வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஞானசம்பந்தன் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

உள்ளே நுழைந்தபோது முன்கூடத்தில் ஞானசம்பந்தனும் அவர் மனைவி சொர்ணாம்பாளும் இருந்தார்கள். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இஸ்ரவேல் தானாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காக்கிச் சட்டைக்கு இதெல்லாம் பழகிப்போன மரியாதைதான்.

சித்ரலேகா ஆசிரியரைப் பார்த்துத் திடுக்கிட்டாள். அவள் அறிந்த நாளாய் இருந்த மீசையைக் காணவில்லை. முகம் யாரோ ஒருவருடையது போல் இருந்தது. கூடத்தின் மூலையில், பட்டப்பகலில், ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செம்பில் தண்ணீர்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மியூசியம் அறைக்குப் போனீகளா?"

"போனேன்."

"எதுக்கு?"

"துறைத்தலைவர். போகலாம்."

"தட்டுல இருந்தது எங்க?"

"பொறுப்பு என்னுது. எழுதிக்கிடுங்க. என்ன நடவடிக்கையோ எடுங்க."

"எங்கன்னு கேட்டேன்."

சொர்ணாம்பாள் சித்ரலேகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் நிறைந்திருந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ உள்ள போ," என்றார் ஞானசம்பந்தன், அவசரமாக. புருஷன் செய்த காரியத்துக்கு இந்த அம்மாள் வெட்கப்படுகிறாள் என்று சித்ரலேகா எண்ணிக்கொண்டாள். அதற்கு மேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்தாள்.

"போயிட்டு வாரேன் அம்மா."

சொர்ணாம்பாள் பதறி, கையை நீட்டி, வேண்டாம் என்பதுபோல் அசைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்ததும் இஸ்ரவேல் ஜீப்பில் ஏறவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். வீட்டுக்கு வீடு கோலம். அடுத்த வீட்டுக் கோலம், ஞானசம்பந்தன் வீட்டு எல்லையில் வந்து கோடு கிழித்ததுபோல் நின்றிருந்தது. இந்த வாசலில் வெறும் ஈரம்.

"மேடம், நாம வந்தப்போ அந்தம்மா வாங்கன்னு சொன்னாவளா?"

"இல்ல. எப்பவும் வாசலுக்கே வந்து கூப்பிடுவாங்க."

"சரி," என்றார் இஸ்ரவேல். அவர் குரல் மாறியிருந்தது. தெருமுனையில் வாடகை அம்பாசிடரோடு நின்றிருந்த டிரைவர் மதாரிடம் போனார்.

"என்ன வே மதார், நேத்து சவாரி எங்க?"

"பாபநாசம் சார். வாத்தியாரும் அம்மாவும்."

"கைல என்ன இருந்துச்சு?"

மதார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு கலயம். புதுசு. வாய வெள்ளைத்துணியால கட்டியிருந்துச்சு. அம்மா மடியிலயே வச்சிருந்தாவ. குழியில எறங்கினா பைய ஓட்டு, பைய ஓட்டுன்னு ஒரே சொல்லுதான். நான் ஒண்ணும் கேக்கலை. திரும்பி வரும்போது கலயம் இல்ல. ரெண்டு பேரும் வேற துணி உடுத்தியிருந்தாவ."

இஸ்ரவேல் திரும்பியபோது ஞானசம்பந்தன் வீட்டுப் படியிறங்கி அவர்களிடம் வந்துகொண்டிருந்தார். கூப்பிடாமலே வந்தார். மூவரும் ஜீப்பில் ஏறி ஆற்றங்கரைக்குப் போனார்கள். தாமிரபரணி செக்கச்செவேலென்று இரு கரையும் முட்டி ஓடியது. படித்துறையில் மேல் இரண்டு படிதான் தெரிந்தது.

இஸ்ரவேல் மெதுவாகச் சொன்னார். "எலும்பு போச்சேன்னுதான் நாம பாத்தோம் மேடம். எப்படிப் போச்சுன்னு பாக்கலை. தகனம் பண்ணின மறுநாள் சுடுகாட்டுக்குப் போயி என்ன செய்வாங்க? பாலை ஊத்திக் குளுரப் பண்ணிட்டு எலும்பைப் பொறுக்குவாங்க. ஒரு துணுக்கு விட மாட்டாங்க. அதான் தட்டுல மணலளவுகூட மிச்சமில்ல. அதான் எறும்பு. கலயத்துல போட்டு ஆத்துல கரைப்பாங்க. பாபநாசத்துல முழுகினவுக உடுத்தின துணியை ஆத்தோட விட்டுட்டு வருவாங்க. சார் மீசையை எடுத்தது காய்ச்சலுக்கு இல்ல."

"இவ்வளவும் பெறகு தோணுனது," என்று அவர் தொடர்ந்தார். "மொதல்ல கண்ணுல பட்டிருக்க வேண்டியது ஒண்ணுதான். வாசல்ல கோலமில்ல, வாங்கன்னு சொல்லலை. நான் போலீசுங்கிறதால வாங்கன்னு சொல்லலைன்னு நெனைச்சேன். உங்களுக்கும் சொல்லலையே. போயிட்டு வாரேன்னு நீங்க சொன்னதும் அந்தம்மா பதறினாவ. எழவு வீட்டுல அதைச் சொல்லக் கூடாது. ரெண்டு நாளா அது எழவு வீடு. சங்கரோட எழவு."

ஞானசம்பந்தன் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். மறுக்கவில்லை.

"எலும்பை என் கண்ணுல காட்டுங்க, அப்புறம் அழுவேன்னு அவ சொன்னா," என்றார். "பதினேழு மாசமா அழலை. கதவைத் தாழ் போட விடலை. அவன் வந்து தட்டினா கேக்காதாம். ராத்திரி வச்ச சோத்தைக் காலைல அவளே எடுத்துத் தின்பா. அதைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியலை. துறைமுகத்துச் சேத்துல தோண்டினப்போ கெடைச்சது, இதுதான் சங்கர்னு சொல்லிக் குடுத்தேன். விரல் எலும்பு மாதிரி இருந்துச்சுல்லா. நம்பிட்டா. வீட்டுலயே வச்சு அழுதா. ஊரைக் கூட்டலை. எவனாவது கையில எடுத்துப் பாத்துட்டான்னா? பதினாறாம் நாளைக்குச் சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன்."

"வேற எலும்பா கெடைக்காது சார்?" என்றார் இஸ்ரவேல். "கசாப்புக்கடைல கேட்டா..."

"ஆட்டெலும்புக்கா அவளை அழச்சொல்ல?" ஞானசம்பந்தன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "எம்பையன் கெடக்கிற கடல்ல இருந்து இந்த ஊருக்கு வந்தது அது ஒண்ணுதான்."

சித்ரலேகா வெடித்தாள். "சார், அது வேற கடல்! பதினாறு கோடி வருஷத்துக்கு முன்னால வத்திப்போன கடல்!"

"எனக்குத் தெரியாதாம்மா? உனக்கு அதைச் சொல்லிக்குடுத்தவன் நான்."

"அப்போ பாதியையாவது விட்டிருக்கலாமே? நாலு துண்டு? ரெண்டு துண்டு? புதன்கிழமை நான் எதைக் காட்டுவேன்?"

அவர் அவளைப் பார்த்தார். "அப்படித்தான் நெனைச்சுக்கிட்டுப் போனேன். நாலு துண்டு எடுத்தாப் போதும்னு. பாலை ஊத்தினேன். ஊத்தினதுக்கப்புறம் எப்படிம்மா பாதியை அங்கன விட்டுட்டு வர முடியும்?"

பாபநாசத்தில் போட்டது நேற்றே இந்தப் படித்துறையைத் தாண்டியிருக்கும். சேற்றோடு சேறாய் எங்கே புதைந்ததோ. வலைபோட்டு அரித்தாலும், ஆளிறக்கித் தேடினாலும் ஆகாது என்று மூவருக்கும் தெரிந்தது. இஸ்ரவேலுக்கு இத்தனை காலத்தில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. கண்டுபிடித்துவிட்டார், கையில் எதுவுமில்லை.

"புகாரு உங்களுது மேடம்," என்றார். "எஃப்.ஐ.ஆர். போடச் சொன்னா இன்னைக்கே போடுதேன். சாரும் மறுக்க மாட்டாக. புதன்கிழமை வாரவருக்கு அந்தக் காகிதத்தைக் காட்டலாம். களவு போச்சுன்னாவது நம்புவாரு."

அது ஒரு வழிதான். அந்த ஒரு வழியைத்தான் அவள் ஞானசம்பந்தனை வீட்டில் இறக்கிவிடத் திரும்பிப் போகும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். போட வேண்டியதுதான் என்று முடிவும் செய்துவிட்டாள். வழக்கு என்று வந்தால் போலீஸ் சொர்ணாம்பாளிடமும் வாக்குமூலம் வாங்கும், அது சங்கர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோகும். தெரியட்டும். எட்டு மாதம் கண் பூத்துப்போக உட்கார்ந்தவள் அவள்தானே.

ஜீப் நின்றதும் உள்ளிருந்து குரல் வந்தது. "ஏட்டி சித்ரா, இங்கன வா."

ஞானசம்பந்தன் தலையைக் குனிந்துகொண்டார். சித்ரலேகா தனியாக உள்ளே போனாள். சொர்ணாம்பாள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அழுது வீங்கிய கண்கள் சுட்டன.

"இவுக சொல்லக் கூடாதுன்னாவ. என்னால முடியலை. நீதான் அம்புட்டுத் தூரம் போயி, வெயில்ல கெடந்து, கொண்டாந்தியாமே. தொண்டைக்குள்ள ஒரு வருசமா அடைச்சுக்கிட்டிருந்தது இப்பத்தான் எறங்கிச்சு. கலயத்தை மடியில வாங்கினேன் பாரு, சின்னச் சின்ன எலும்புதான், என்ன கனம்! கல்லு மாதிரி. பெறந்தப்பவும் அவன் அப்படித்தான் கனத்தான்."

சித்ரலேகா வாயைத் திறந்தாள். கல்தான் அம்மா என்று சொல்ல வேண்டும்.

சொர்ணாம்பாள் அவள் கையை விடவில்லை. மனசுக்குள் கிடந்து அரித்ததைக் கேட்டாள். "அங்கன இன்னும் ஏதும் கெடந்துச்சா மக்கா? ஒண்ணையும் விட்டுட்டு வரலையே?"

கூடத்து மூலையில் விளக்கு நின்று எரிந்தது. வாசலில் இஸ்ரவேல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சித்ரலேகாவுக்குப் புதன்கிழமை வரப்போகிறவரின் முகம், சிரிக்கப்போகிறவர்களின் முகங்கள் எல்லாம் ஒரு தடவை வந்து போயின.

"இல்ல அம்மா. எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன்."

சொர்ணாம்பாள் கைகளை விட்டாள். சித்ரலேகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை போயிட்டு வாரேன் என்று சொல்லாமல், படியிறங்கிப் போனாள்.